ஒத்துக்கிட்டா முடிஞ்சுது

என் தம்பி அந்தப் புகை டப்பாவைக் கொளுத்தவில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். நடுவில் எங்கேயாவது சொன்னால், எந்த அக்காதான் தம்பியை விட்டுக்கொடுப்பாள் என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு முன்னறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே சிரித்தவர்கள் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். தலைப்பிரசவத்துக்காக நான் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பிள்ளைத்தாய்ச்சி கோபப்படக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம். நான் வாயைத் திறந்தால் போதும், "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இப்படிப் படபடன்னு பேசாத" என்று அம்மா, அப்பா, மாமா மூன்று பேரும் முந்திக்கொண்டு வருவார்கள். எனக்கோ பிறந்ததிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கோடை முழுக்க நான் விழுங்கிய கோபத்துக்கு, என் மகள் இவ்வளவு சாதுவாகப் பிறந்ததே அதிசயம்.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தா. சைவக் குடும்பம், படித்த குடும்பம், கோர்ட்டு கச்சேரி என்றால் என்ன என்று தெரிந்த குடும்பம் என்று எங்களுக்கு எங்களைப் பற்றி ஒரு எண்ணம். அந்த எண்ணம்தான் எங்களைக் கெடுத்தது என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

தம்பி சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு எழுதியிருந்தான். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுவது, நேர்முகம் எல்லாவற்றையும் தாண்டிவிட்டான். விடியும் முன்பே எழுந்து வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றங்கரையோடு குறுக்குத்துறை வரை ஓடி, ஆற்றில் முங்கிவிட்டு ஈரத் தலையோடு வீட்டுக்கு வருவான். இப்படி எத்தனையோ மாதம். இனிப் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. இந்தப் பையன் மேல் வழக்கு கிழக்கு ஏதாவது உண்டா என்று போலீஸ்காரர் வந்து விசாரித்து எழுத வேண்டும். அது முடிந்தால் உத்தரவு வந்துவிடும். அப்பா இப்போதே எதிர்வீட்டாரிடம் "நம்ம எஸ்.ஐ." என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஊரெல்லாம் கிரிக்கெட் பைத்தியம் பிடித்து அலைந்த காலத்திலும், எங்கள் தெருவில் பந்து என்றால் அது காலால் உதைக்கிற பந்துதான். மே மாதம் பிறந்துவிட்டால் மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பந்தல் போட்டு, வெளியூர் அணிகளை அழைத்துப் போட்டி நடக்கும். எங்கள் தெரு அணிக்குச் சட்டை, பந்து, பஸ் செலவு எல்லாம் மார்க்கெட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி உபயம். தம்பி அந்த அணியின் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்கு அடிபட்டால்தான் இவனுக்கு ஆட்டம். ஆனாலும் கையுறையை மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடிகிற வரை கோட்டுக்கு வெளியே பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருப்பான்.

அண்ணாச்சிக்கு ஒரே மகன். அவன் பந்து ஆடமாட்டான். ஆட்டத்தைவிட ஆர்ப்பாட்டத்தில்தான் அவனுக்கு நாட்டம். எங்கள் பக்கத்தில் வெடி இல்லாமல் ஒரு நல்ல காரியம் நடக்காது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெடி, மாப்பிள்ளை அழைப்புக்கு வெடி, ஊருக்குள் புது பஸ் வந்தால் அதற்கும் வெடி. சிவகாசி பக்கம்தானே. போதாததற்கு, உலகக் கோப்பை ஆட்டங்களை டிவியில் காட்டியபோது வெளிநாட்டு ரசிகர்கள் மைதானத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புகை விட்டதை இவன் கண் கொட்டாமல் பார்த்துவிட்டான். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிற செட்டுக்காகச் சிவகாசியில் சொல்லிக் கலர் புகை டப்பாக்கள் செய்து வாங்கினான். அதில் மீந்ததைக் கடையின் பின்னால் துணி மூட்டைகளோடு போட்டு வைத்திருந்தான். ஒரு மழைக்காலம் முழுக்க ஈரத்தில் கிடந்த மருந்து. அதைத்தான் இறுதி ஆட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

கோயில் கொடைக்கு வெடி போடுவதென்றால் காவல் நிலையத்தில் மனு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவார்கள். அது எல்லோருக்கும் தெரியும். பந்தாட்ட மைதானத்துக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதிலும் அது எங்கள் மாவட்டத்தில் கலவரமும் தடையுத்தரவுமாக இருந்த காலம். எங்கேயாவது ஒரு வெடிச்சத்தம் கேட்டால் போலீஸ்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். அப்படிப்பட்ட நேரத்தில், நெருக்கியடித்து ஜனங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள் மருந்து டப்பாவைக் கொண்டுவருவது குற்றம்தான். அதை நான் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. கொண்டுவந்தவனைப் பிடித்து உள்ளே வைத்திருந்தால் நானே போய் இன்ஸ்பெக்டருக்குக் கும்பிடு போட்டிருப்பேன்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து மைதானம் தெரியும். அம்மா காயப்போட்ட வடகத்துக்குக் காவல் என்று பேர் பண்ணிக்கொண்டு நான் மாடியில் நாற்காலி போட்டு ஆட்டம் பார்த்தேன். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எங்கள் தெரு அணி ஒரு கோல் போட்டது. உடனே கோட்டுக்குப் பின்னாலிருந்து பச்சைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. ஜனங்கள் எழுந்து கத்தினார்கள். அந்தக் கத்தலில் ஒரு மனுஷன் அலறியது எனக்குக் கேட்கவில்லை. கோட்டோரம் கொடி பிடித்து நின்ற லைன்மேன் கீழே விழுந்து உருளுவதுதான் தெரிந்தது. ஈர மருந்து புகைவதற்குப் பதிலாகச் சீறி, டப்பா சாய்ந்து உருண்டு, அவர் காலடியில் வந்து நின்று நெருப்பைக் கக்கியிருக்கிறது. அவர் போட்டிருந்த நைலான் காலுறை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. அவர் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் டிரில் மாஸ்டர் என்று பிறகு தெரிந்தது.

சுற்றி இருந்தவர்கள் ஓடினார்கள். கொளுத்திய வீரன் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். பெஞ்சில் இருந்த என் தம்பி மட்டும் எதிர்த் திசையில் ஓடினான். அவன் கையில் கோல்கீப்பர் கையுறை இருந்தது. அந்த நேரத்தில் அந்த டப்பாவைத் தொடக்கூடிய கை அந்த மைதானத்தில் அது ஒன்றுதான். குனிந்து அதை எடுத்தான். எங்கே எறிந்தாலும் ஆள் இருக்கிறது. ஆளில்லாத மூலையைத் தேடி, நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தின் ஓரமாக ஓடினான். மணல் குவித்துப் போட்டிருந்த இடத்தில் அதை வீசுகிற நேரம் பார்த்து, புகையைக் கிழித்துக்கொண்டு ரெண்டு போலீஸ்காரர்கள் வந்து சட்டையைப் பிடித்தார்கள். டப்பா கையில் இருக்கிறது, புகை வருகிறது, ஆளும் ஓடுகிறான். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அப்பாவும் மாமாவும் அண்ணாச்சியும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். பொழுது சாயும் முன்பே தம்பியை ஜாமீனில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வரும்போது மூன்று பேர் முகத்திலும் கவலை இல்லை. ஏதோ சம்பந்தம் பேசி முடித்துவிட்டு வந்த மாதிரி இருந்தார்கள். தம்பி மட்டும் உள்ளங்கை சிவந்து, நேரே கிணற்றடிக்குப் போய்விட்டான்.

மாமாதான் விளக்கினார். "இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். வெடிபொருள் சட்டத்துல போட்டா ஜாமீனே கிடையாதாம். வாத்தியார் வீட்டுப் பிள்ளைன்னு பாத்து, இருநூத்தி எண்பத்தாறு, முந்நூத்தி முப்பத்தேழு, ரெண்டோட நிப்பாட்டியிருக்காரு. கவனமில்லாம வெடிமருந்தைக் கையாண்டது, அதனால ஒருத்தருக்குக் காயம் பட்டது, அவ்வளவுதான். கோர்ட்டுல போய் ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சுது."

"எதை ஒத்துக்கிடணும்?" என்றேன்.

"கொளுத்துனதைத்தான்."

"அவன் எங்க மாமா கொளுத்துனான்? நான் மாடியில இருந்து பாத்தேன். அவன் எடுத்து எறிஞ்சான். கொளுத்துனது யாருன்னு இங்கன உக்காந்திருக்க எல்லாருக்கும் தெரியும்."

அண்ணாச்சி காப்பியை ஆற்றிக்கொண்டே சிரித்தார். நான் சொன்ன சிரிப்பு அதுதான். "அக்கான்னா இப்படித்தான் இருக்கணும். ஆனா ஒண்ணு தாயி. மாடியில இருந்து பாத்ததெல்லாம் சாட்சியா? நம்ம தம்பி மேல ஸ்டேஷன்ல ஒரு விரல் படலை. ஏன்? வாத்தியார் பேரு. அதுவே என் மவன் போயிருந்தா தோலை உரிச்சுத் தொங்கவிட்டிருப்பான். நம்ம தம்பிக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கிடுதேன்."

இதைக் கேட்டு அப்பாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. தன் பெயருக்குக் காவல் நிலையத்தில் இருந்த மதிப்பை நினைத்து அவர் முகம் லேசாக மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த முகத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அடிக்க மாட்டார்கள் என்பதற்காக ஒருவனைக் குற்றவாளியாக அனுப்புவது எந்த ஊர் நியாயம்? எங்கள் பக்கத்து நியாயம்தான். கூட்டத்தில் ஏதாவது நடந்துவிட்டால் காவல் நிலையத்தில் "ஆள் கொடுங்க" என்பார்கள். கணக்கை முடிக்க அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும். பெரியவர்கள் கூடிப் பேசி, யாரைக் கொடுத்தால் சேதம் குறைவு என்று பார்த்து அனுப்பி வைப்பார்கள். செய்தவன் யார் என்ற கேள்வி அந்தப் பேச்சில் வரவே வராது. இங்கே ஆள் தானாகவே கையில் டப்பாவோடு அகப்பட்டுவிட்டான். பெரியவர்களுக்குக் கூடிப் பேசுகிற வேலைகூட மிச்சம்.

"அவனுக்கு வேலை வரப்போகுதே. போலீஸ் வேலை. அதுக்கு ஒண்ணும் இடைஞ்சல் வராதா?" என்று அம்மா கேட்டாள். அந்த முன்னறையில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே புத்தியுள்ள கேள்வி அது ஒன்றுதான்.

மாமா இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "அதுக்குத்தான் அக்கா சொல்லுதேன். விசாரிக்க வரும்போது கேஸு நிலுவையில இருந்தா இடிக்கும். சாட்சி, வாய்தா, அது இதுன்னு இழுத்துக்கிட்டுப் போனா வருஷக்கணக்காகும், அதுக்குள்ள வேலை போயிரும். ஒத்துக்கிட்டா அன்னைக்கே முடிஞ்சுது. முடிஞ்ச கேஸு இல்லாத கேஸு மாதிரிதான்."

மாமாவைக் குறை சொல்லுவதில் ஒரு சிரமம் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ட கோர்ட்டு அப்படி. விளக்கில்லாமல் சைக்கிளில் போனவன், காசு வைத்துச் சீட்டாடியவன், குடித்துவிட்டு ரோட்டில் கத்தியவன் எல்லோரும் காலையில் வரிசையாக நின்று "ஒத்துக்கிடுதேன் ஐயா" என்று சொல்லி, கட்டுவதைக் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இத்தனை வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து, ஒத்துக்கொள்வது என்பது கோர்ட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி ஒரு பழக்கம் என்றே அவர் நினைத்துவிட்டார். அந்தச் சீட்டாடியவர்களில் ஒருத்தனும் மறுநாள் சர்க்கார் வேலைக்குப் போகவில்லையே, அவர்கள் பதிவில் என்ன இருக்கிறது என்று யார் போய்ப் பார்த்தார்கள்? இதை அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்ததைக் கேட்டேன். "செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லுதது பொய்தானே அப்பா? நீங்க பிள்ளைங்களுக்கு அதைத்தானே சொல்லிக் கொடுத்தீங்க?"

"இது பொய் இல்லம்மா. சம்பிரதாயம்" என்றார் அப்பா.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மாமா கையைக் காட்டி, "ஏட்டி, வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு செம்பைக் கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். அந்த டிரில் மாஸ்டரை ஒரு எட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே, பாவம், ரெண்டு ஆரஞ்சாவது வாங்கிக் கொடுக்கலாமே என்றாள். மாமா பதறிப்போனார். கேஸு நடக்கும்போது அடிபட்டவனைப் போய்ப் பார்த்தால் சாட்சியை மிரட்டினான் என்று அதையும் சேர்த்துப் போட்டுவிடுவார்களாம். அண்ணாச்சியும் அது சரிதான் என்றார். ஆகவே ஒருத்தரும் போகவில்லை. வக்கீல் வீட்டுக்குப் போனார்கள், இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போனார்கள், கோர்ட்டில் பேர் கூப்பிடுகிறவரைக்கூடப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள். கால் வெந்துபோய்ப் படுத்திருந்த மனுஷனைப் பார்க்க மட்டும் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

தம்பியிடம் நான் தனியாகப் பேசினேன். கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தான். "நீ மாட்டேன்னு சொல்லுல. அவங்க என்ன செய்திருவாங்க?" என்றேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வேலை போயிரும்னு சொல்லுதாங்கக்கா. மாமாவுக்குத் தெரியாததா?" என்றான். எனக்குக் கோபம்தான் தெரியும், சட்டம் தெரியாது.

கோர்ட்டுக்கு நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். நிறைமாதத்தில் கோர்ட்டுக்குப் போன பெண் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மா நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசி அனுப்பினாள். உள்ளே ஃபேன் சுற்றியது, ஆனால் காற்று வரவில்லை. தம்பியின் பேரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினான். குற்றம் என்ன என்று வாசித்தது எனக்குப் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"ஒத்துக்கொள்கிறாயா?" என்று நீதிபதி கேட்டார். அவர் குரலில் அவசரம் இல்லை. சரியாகச் சொன்னால், ஒரு நொடி அவனுக்காகக் காத்திருக்கவும் செய்தார். தம்பி திரும்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா தலையை ஆட்டினார், வகுப்பில் சரியான விடை சொல்லப்போகிற பையனுக்கு ஆட்டுகிற மாதிரி.

"ஒத்துக்கிடுதேன் ஐயா."

அபராதமும், கோர்ட்டு கலையும் வரை சிறையும் என்று தீர்ப்பு. கோர்ட்டு கலையும் வரை சிறை என்றால் வேறொன்றுமில்லை. நீதிபதி சாயந்தரம் எழுந்து போகிற வரை அங்கேயே பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். மாமா வடையும் டீயும் வாங்கி வந்து வெளியே வைத்துக்கொண்டு, ஏட்டையாவிடம் சொல்லி அவனை வராந்தாவுக்கு அழைத்துச் சாப்பிட வைத்தார். "நம்ம எஸ்.ஐ. ஜெயிலுக்கே போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு" என்று ஒரு கிண்டல் வேறு.

"மாமா, இது ஜெயில் தண்டனையா?" என்று நான் கேட்டேன்.

"பேருக்கு."

பேருக்காம். அந்தப் பேர்தான் எங்கே எழுதப்படக் கூடாதோ அங்கே எழுதப்பட்டுவிட்டது என்று அந்த வராந்தாவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி அன்றைக்குச் சாயந்தரம் எல்லோரையும் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். அவர் மகன் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்ததால் வர முடியவில்லை என்று வருத்தம் தெரிவித்தார். நான் போகவில்லை. இடுப்பு வலி என்று சொல்லிவிட்டேன். வலித்தது இடுப்பு இல்லை.

எனக்குப் பெண் பிறந்து, தொட்டில் போட்டு, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் விசாரிக்க ஆள் வந்தார். அதே காவல் நிலையத்து ஏட்டையா, வயதானவர், மரியாதையானவர். அப்பா அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பையன் எப்படி, பழக்கவழக்கம் எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் வழக்கு எதுவும் உண்டா என்றார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சின்ன கேஸு ஒண்ணு இருந்துது. நிலுவையில வைக்கலை, அன்னைக்கே முடிச்சாச்சு."

ஏட்டையா தம்ளரைக் கீழே வைத்தார். "முடிச்சாச்சுன்னா எப்படி சார்? விடுதலையா?"

"இல்ல, ஒத்துக்கிட்டு, அபராதம் கட்டி..."

"சார், அது தண்டனை. நடக்குற கேஸுன்னாக்கூட, முடியட்டும்னு கேட்டுப் பாக்கலாம். விடுதலையாச்சுன்னா பேச வழி இருக்கு. இவரே குத்தம் செஞ்சேன்னு சொல்லிக் கோர்ட்டு தண்டிச்சிருக்கு. சிறைன்னு வேற இருக்கு. நான் எழுதாம விட முடியாதே சார்."

அவர் பைய எழுந்து, தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, யாரைப் போல என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்ச நாளில், தகுதியில்லை என்று தபாலில் வந்தது.

அப்புறம் ஓடினார்கள் பாருங்கள். மாமாவின் வக்கீலிடம் போனார்கள். அவர் இதை முதலிலேயே தன்னிடம் கேட்காமல் குமாஸ்தாவே முடித்துவிட்டது தெரிந்து மாமாவைப் பார்த்த பார்வையை அப்பா வந்து சொன்னார். குற்றத்தை ஒத்துக்கொண்டவனுக்கு அந்தத் தீர்ப்பின் மேல் மேல்முறையீடு கிடையாதாம். தண்டனை அதிகம், குறைக்க வேண்டும் என்று வேண்டுமானால் கேட்கலாமாம். "கோர்ட்டு கலையும் வரைக்கும்னு போட்டதைவிட இன்னும் என்னத்தைக் குறைக்கச் சொல்லுதது?" என்று அந்த வக்கீலே கேட்டிருக்கிறார். இன்ஸ்பெக்டரிடம் போனார்கள். ஒத்துக்கொள்ளச் சொல்லி உபகாரம் செய்த அதே மனுஷன், "சட்டம்னா சட்டம்தான் சார், நான் என்ன செய்ய முடியும்?" என்று கையை விரித்தார். அண்ணாச்சி மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தம்பிக்குத் தன் கடையிலேயே துணி அளக்கிற வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். அவர் மகனுக்குக் கீழே.

அப்போது நான் கத்தினேன். பிள்ளை பிறந்துவிட்டது, இனி என்னை அடக்க யாருக்கும் காரணம் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்க, அவர் மகன் பேரையும் சேர்த்துச் சொல்லிக் கத்தினேன். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவர் கடையில் எங்கள் வீட்டார் துணி எடுத்ததில்லை. அதனால் அவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. தெருவில் பாதிப் பேர் என்னைத்தான் வாயாடி என்றார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் முற்பகல். மாமா வந்திருந்தார், தம்பி தூளி ஆட்டிக்கொண்டிருந்தான். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் நின்றார். ஒரு காலை லேசாக இழுத்து இழுத்துப் படியேறினார். சர்க்கரை வியாதி இருந்ததால் புண் ஆற இத்தனை மாதம் ஆகிவிட்டது, இப்போதுதான் பஸ் ஏற முடிகிறது, ஆழ்வார்குறிச்சியிலிருந்து வருகிறேன் என்றார். அப்போதுதான் யார் என்று புரிந்தது. அம்மா அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நேரே தம்பியிடம் போய் அவன் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க எடுக்கலைன்னா எனக்குக் காலே போயிருக்கும் தம்பி. கொளுத்துனவன் முகம் எனக்கு நல்லாத் தெரியும், என் பக்கத்துல நின்னுதான் கொளுத்துனான். ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர்கிட்டச் சொன்னேன். அதெல்லாம் கோர்ட்டுல கூப்பிடும்போது சொல்லுங்கன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. இதுவரைக்கும் ஒரு தாக்கல் தகவலும் வரலை." பிறகு அப்பாவைப் பார்த்து, "அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் சார். சாட்சி சொல்ல எப்ப வரணும்? முன்னாலேயே தெரிஞ்சா லீவு போட வசதியா இருக்கும்" என்றார்.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா வெளியே மழையைப் பார்த்தார். கடைசியில் தம்பிதான் சொன்னான். "கேஸு முடிஞ்சுட்டு சார். நான் ஒத்துக்கிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. "நீங்க கொளுத்தலையே. பின்ன எதுக்கு ஒத்துக்கிட்டிய?"

"எல்லாரும் சொன்னாங்க சார்."

அவர் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட ஒருத்தரும் வந்து கேக்கலையே" என்றார்.